பாடாமல் குளிக்க ஒரு கதவு

கலைமதி வீட்டில் குளிக்கப் போகிறவர்கள் கட்டாயம் பாட வேண்டும். குரல் நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். சத்தம் வந்தால் போதும்.

காரணம், குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் விழாது. உள்ளே ஆள் இருப்பதைத் தெரிவிக்கப் பாட்டுதான் வழி. அப்பா பழைய சினிமாப் பாட்டுகளைக் கொலை செய்வார். தம்பி குரு ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பிப்பான், அதுவும் தப்புத் தப்பாக. பாடப் பிடிக்காத அம்மா சொம்பால் வாளியைத் தட்டுவார்.

கோடை விடுமுறைக்கு ஓசூரிலிருந்து பெரியம்மா மகள் நிர்மலா வந்திருந்தாள். அவளுக்குக் கூச்சம் அதிகம். பாடாமல் குளித்தாள். வீட்டு ஆடு கதவை முட்டித் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டது. போனதோடு நிற்காமல் அவளுடைய சோப்பையும் நக்கிப் பார்த்தது. அன்று சாயங்காலமே நிர்மலா மாரண்டஹள்ளியில் ஓசூர் பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது காலாண்டு விடுமுறை. கலைமதி போனில் கெஞ்சினாள்.

“வாக்கா. ரெண்டு நாளாச்சும் இருந்துட்டுப் போ.”

“உங்க வூட்டுத் தாப்பா வுழுதா?”

“இல்ல.”

“அப்ப நான் வரல. ஆடு இன்னும் அங்கதான இருக்குது?”

கலைமதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்காவிடம் சொல்வதற்கென்றே எத்தனை கதைகள் சேர்த்து வைத்திருந்தாள்! அவற்றை எல்லாம் குருவிடமா சொல்ல முடியும்?

“ஞாயித்துக்கிழமை பாக்கறேம்மா” என்றார் அப்பா. அவர் தக்காளி டெம்போ ஓட்டுகிறவர். பாலக்கோடு மார்க்கெட்டுக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது? போதாக்குறைக்கு, ஏற்கெனவே இரண்டு முறை புதுத் தாழ்ப்பாள் வாங்கி மாட்டியும் ஆயிற்று. அதுவும் விழவில்லை.

“நானே சரி பண்றேன்” என்றாள் கலைமதி.

“நீயா? உனக்குப் பென்சிலே ஒழுங்கா சீவத் தெரியாது” என்றான் குரு.

கலைமதி அப்பாவின் திருப்புளியை எடுத்துக்கொண்டு கதவின் முன் போய் நின்றாள்.

முதலில் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டாள். அது வழுக்கிக்கொண்டு போய் நிலைச்சட்டத்தில் இடித்து நின்றது. கல்லால் தட்டினாள். அடி கட்டைவிரலில் விழுந்தது. குரு சிரித்தான்.

கலைமதி விரலை வாயில் வைத்துக்கொண்டு கதவை முறைத்தாள். “இன்னிக்கு நீயா நானான்னு பாத்துடலாம்.”

சரி, தாழ்ப்பாள் எங்கேதான் இடிக்கிறது? அம்மாவின் குங்குமத்தை நீரில் குழைத்துத் தாழ்ப்பாளின் நுனியில் தடவினாள். கதவைச் சாத்தித் தள்ளினாள். திறந்து பார்த்தபோது, நிலைச்சட்டத்தில் இருந்த ஓட்டைக்குக் கீழே சிவப்புப் பொட்டு ஒன்று இருந்தது.

“ஓட்டை மேல போயிடுச்சா?” என்று குரு கேட்டான்.

“நெலை எப்படிடா நகரும்? கதவுதான் கீழ எறங்கியிருக்குது.”

அவள் அண்ணாந்து பார்த்தாள். மேல் கீல் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் எல்லோரும் திட்டியது தாழ்ப்பாளை. குற்றவாளி மேலே சொகுசாக உட்கார்ந்திருந்தான்.

வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, கீலின் ஸ்குரூக்களைத் திருகினாள். அவை சும்மா சுற்றின. ஓட்டைகள் பெரிதாகிவிட்டிருந்தன. காகிதத்தை மடித்துத் திணித்தாள். ஈரத்தில் அது கூழாகி வழிந்தது. கலைமதி வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். இனி முடியாதோ என்று பயமாக இருந்தது.

எதிரே சுவரில் மண்வெட்டி சாய்ந்திருந்தது. அதன் காம்பு போன வாரம் ஆடியது. காம்புக்குப் பக்கத்தில் அப்பா ஒரு மரச்சில்லை அடித்து இறக்கியதும் கெட்டியாகிவிட்டது.

“டேய், மம்புட்டிக்கு ஆப்பு வெச்சா நிக்குது. ஸ்குரூவுக்கு வெச்சா நிக்காதா?”

உடைந்த தக்காளிப் பெட்டி ஒன்று கொல்லையில் கிடந்தது. அதிலிருந்து மெல்லிய சிம்புகளாகப் பிளந்து ஒவ்வொரு ஓட்டையிலும் இறுக்கித் திணித்தாள். கதவைத் தூக்க வேண்டுமே? ஒரு பலகையைக் கதவுக்கு அடியில் நுழைத்து, பலகையின் நடுவுக்குக் கீழே ஒரு கல்லை வைத்தாள்.

“மறுமுனையில நீ ஏறி நில்லு. அசையக் கூடாது.”

குரு ஏறினான். கதவு எழும்பியது. “அக்கா, நான் கதவத் தூக்கிட்டேன்” என்று அவனுக்கு ஒரே பெருமை.

முதல் ஸ்குரூ இறுகியது. இரண்டாவதும் இறுகியது. கடைசி ஸ்குரூ மட்டும் அடம் பிடித்தது. கலைமதியின் உள்ளங்கை சிவந்து எரிந்தது. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துத் திருகினாள். அதுவும் உள்ளே போனது.

பலகையை எடுத்தார்கள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

டக்.

மறுபடி திறந்தாள். மறுபடி போட்டாள். டக். வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல இருந்தது அவளுக்கு. அடுத்த நிமிஷம் போனை எடுத்தாள்.

நிர்மலா மறுநாளே வந்தாள். துண்டோடு குளியலறைக்குள் போனாள். டக் என்று சத்தம் கேட்டது. சோப்பு வாசனை பிடித்து ஆடு வந்தது. ஒரு முட்டு முட்டியது. கதவு அசையவில்லை. இன்னொரு முட்டு முட்டிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல வேலிப் பக்கம் போய்விட்டது.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து பாட்டு கேட்டது. அம்மா பதறிப்போய் ஓடி வந்தார்.

“என்னம்மா, தாப்பா கழண்டுக்கிச்சா?”

“இல்லீங்க சித்தி, போட்டுத்தான் இருக்குது. பாடணும்னு ஆசையா இருக்குது, பாடறேன்.”

கலைமதி திருப்புளியைத் துடைத்து அப்பாவின் பெட்டியில் வைக்கப் போனாள். என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து அதைத் தன் புத்தகங்களுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.