நாலடிப் பாசி

நேற்றுதான் முழுக் கூரையையும் தேய்த்துக் கழுவியிருந்தாள் ஜாஸ்பின். இன்று ஏணியில் ஏறிப் பார்த்தபோது ஓடெல்லாம் சிவப்பாகத்தான் இருந்தது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. அங்கே மூன்றடி நீளத்துக்குப் பாசி மறுபடியும் மெத்தென்று படர்ந்திருந்தது. நேர் கீழே மகள் ஸ்வீட்டியின் கட்டில்.

மழைக்காலத்தில் ஆவூரில் எதுதான் காய்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பாசி தடித்து ஓட்டைத் தூக்கிவிட்டதால் கட்டில்மேல் சொட்டுகிறது. ஓடு மாற்றுகிறவரோ மழை விட்டால் வருகிறேன் என்கிறார். கணவன் பால்ராஜ் இருப்பது குவைத்தில். அவள்தான் ஏறியாக வேண்டும். நல்ல நார் பிரஷ் வேறு கையில் இருந்தது.

அது கல்லறைத் திருநாளுக்கு வாங்கியது. மூத்தவன் ஃபிரெடி, ஸ்வீட்டி பிறப்பதற்கு முன்பே, நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அன்று குழிக்குள் எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். ஜாஸ்பின் போடவில்லை. பெற்ற கையால் எப்படிப் போடுவது? பிறகு ஏழு வருடம் அந்தப் பக்கமே போகாதவள், இந்த வருடம்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு போய், குட்டிக் கல்லறையை மூடியிருந்த பாசியைப் பொட்டு விடாமல் சுரண்டியெடுத்துச் சுண்ணாம்பு அடித்தாள்.

கிளம்பும்போது குழி வெட்டும் மைக்கேல்சாமி பிரஷ்ஷைப் பார்த்துவிட்டார். "தாயி, கல்லறையத் தேச்சத வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கிட்டுச் செவத்தோரமாப் போட்டுட்டுப் போ."

"சரிங்க" என்று தலையாட்டிவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். புது பிரஷ். தூக்கிப்போட மனசு வரவில்லை.

அந்த மூன்றடியையும் தேய்த்துவிட்டு இறங்கினாள். படுக்கும் நேரத்தில் ஸ்வீட்டி இன்னொரு போர்வை கேட்டாள்.

"ஏன், ஒனக்குக் குளுருதா?"

"எனக்கில்ல. அண்ணனுக்கு."

ஃபிரெடியின் படம் பீரோவுக்குள் கிடக்கிறது. அப்படி ஒருவன் இருந்ததை ஸ்வீட்டியிடம் யாரும் சொன்னதில்லை. ஜாஸ்பின் கட்டிலை எதிர் மூலைக்கு இழுத்துப்போட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு படுத்தாள்.

காலையில் பாசி எதிர் மூலைக்கு மேலே இருந்தது. நாலடி. ஸ்வீட்டியின் உயரம். பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுத் திரும்பியபோது சாயங்காலம் நாலு மணி. பிள்ளை அசந்து தூங்கினாள். ஒரே தடவை, வேரோடு எடுத்துவிட்டு பிரஷ்ஷைக் கல்லறையிலேயே எறிந்துவிட வேண்டும், இவளையாவது விடக்கூடாது என்று நினைத்தபடி, கதவை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள்.

வானம் கறுத்துக் கிடந்தது. ஈர ஓட்டில் முட்டி போட்டு, நார் தேயத் தேயத் தேய்த்தாள். பச்சைத் தண்ணீர் விரலிடுக்கில் வழிய, பாசி வாசனைக்குள்ளிருந்து உருகிய மெழுகும் செவ்வந்தியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு வாடை மெல்ல எழுந்து தொண்டையில் வந்து நின்றது. பிரஷ் சரக் சரக்கென்றது. அடியிலிருந்தும் சரக் சரக்கென்றது.

கையை நிறுத்தினாள்.

அடியில் நிற்கவில்லை.

சரக். சரக். நகத்தால் சுரண்டுகிற சத்தம்.

"ஸ்வீட்டி?"

இறங்கிப் போய்ப் பூட்டைத் திறக்கும் பொறுமை இல்லை. பாசியைப் பிடியாக அள்ளினாள். ஓடு இரண்டைப் பெயர்த்தாள். நீள்சதுரமாக ஒரு பொத்தல். குனிந்து பார்த்தாள். அன்றைக்குக் குழிக்குள்ளும் இப்படித்தான் குனிந்து பார்த்தாள்.

கீழே கட்டில். கட்டில் முழுக்கப் பச்சை. ஸ்வீட்டியின் கழுத்து வரை இழுத்துப் போர்த்தியது போலப் பாசி. அதற்குள் அவளை ஒட்டி, குட்டியாக ஒரு மேடு. ஏறி இறங்கியது.

விரல்கள் விட்டுப்போயின. கையிலிருந்த பாசி நழுவிப் பொத்தல் வழியாக விழுந்து, பிள்ளையின் நெஞ்சில் பொத்தென்று அமர்ந்தது.

ஸ்வீட்டி கண் திறந்தாள். சிரித்தாள்.

"இன்னொரு பிடி போடும்மா. அண்ணனுக்கு இன்னும் குளுருதாம்."

ஜாஸ்பின் ஏணிப் பக்கம் திரும்ப முயன்றாள். உடம்பு அசையவில்லை. வலது கை மட்டும் அசைந்தது. ஓட்டைத் தடவிப் போனது. அள்ளியது.