மீன் இருமாது!

மட்டக்களப்பு வாவித் தண்ணீர் மேல் ஆணை! இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

"ஐயோ... கொல்றானே!"

1986. பெரியகல்லாற்றுத் துறையில் அலறியது தோணிக்காரன் சாமித்தம்பி. அடித்தது சப்-இன்ஸ்பெக்டர் ஆதம்பாவா.

"சொல்லுடா! இராசேமா எங்க?"

இராசேமா! பிரேசில்காரி. பதினாறு வயதில் மேடை... இருபதில் சினிமா... முப்பதில் அந்த நாட்டு ரேடியோ முழுக்க அவள் பாட்டு! இங்கே படம் பிடிக்க வந்தவள், நேற்றுச் சாமித்தம்பியின் தோணியில் தனியே போனாள்.

திரும்பி வந்தது தோணியும் ஒற்றைச் செருப்பும்!

"கண்ணாக்காட்டுல இறங்கினா ஐயா. என்னை அங்கால போகச் சொல்லிக் கையைக் காட்டினா. வந்து பாத்தா செருப்புத்தான் கிடந்த!"

"கதை விடாத! பின்னேரம் உன்னை ஆமிக்காரன்ட கையில குடுப்பன். அந்த முகாமுக்குள்ள போனவன் எவன்டா திரும்பி வந்திரிக்கான்?"

சாமித்தம்பிக்கு இரத்தம் கொதித்தது.

"என்னை அடிக்கிற நேரத்துக்கு அவளைத் தேடியிருக்கலாம்! வாங்க, நானே தேடுறன்!"

தோணி புறப்பட்டது. ஆதம்பாவாவின் இடுப்பில், சாமித்தம்பிக்கென்று ஒரு கைவிலங்கு. பக்கத்தில், படக்காரருக்கு மொழிபெயர்க்கும் பறங்கிப் பெண் செலெஸ்தீன். அவள் வீட்டுப் பேச்சே பழைய போர்த்துக்கீசம்; பிரேசில்காரர் பேசுவதும் அதுதானே.

அலையாத்தி மரங்கள் அடர்ந்த அந்தக் கண்ணாக்காட்டருகே சாமித்தம்பி துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மறுநுனியைக் காதில் வைத்தான். இந்த வாவியில் மீன் பாடுவதை அப்படித்தான் கேட்பார்கள்.

"மீன் பாட்டுக் கேக்கிற நேரமாடா இது?"

"உஷ்! மீன் பாடும் ஐயா... இருமாது!"

மரங்களுக்குள் ஒரு பழைய வள்ளம். அடித்தட்டுப் பலகையைச் சாமித்தம்பி பிய்த்தெறிந்தான்.

உள்ளே... கையில் வாழைப்பழத்தோடு இராசேமா!

அவள் படபடவென்று பொரிந்தாள்.

"என்ன சொல்றா, நோனா?" என்று செலெஸ்தீனைக் கேட்டார் ஆதம்பாவா.

செலெஸ்தீனின் முகம் சிவந்தது.

"வயசு போயிற்றாம். ஒருத்தனும் நடிக்கக் கூப்பிடல்லயாம். செத்திட்டாவெண்டு பேப்பரில வந்தா நாடே அழுமாம். பிறகு உசிரோட போய் மேடையில நிக்கலாமாம்!"

"உன்ட பேர் உயர என்ட உசிரா வேணும் உனக்கு?" சாமித்தம்பி துடுப்பை ஓங்கினான்.

"கோவிக்க வேணாமாம். படத்தில உனக்கும் ஒரு வேசம் தாறாவாம்."

"என்ன வேசம்? பிணமோ?!"

ஆதம்பாவா விலங்கை எடுத்தார்.

'க்ளிக்!'

பூட்டியது பிரேசில் கையில்!

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: சாமித்தம்பிக்குப் பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. நான் ஆணையிட்டதும் தண்ணீர் மேல்தானே!