கேள்விக்குறித் தாத்தா

லிஃப்டில் அவள் அக்காவிடம் ஃபோனில் பொரிந்துகொண்டிருந்தாள். "அந்தக் கேள்விக்குறித் தாத்தாவை இன்னைக்கு நேர்ல பாக்கப் போறேன்க்கா. கப்பல் கவிழ்ந்தா என்ன ஆகும், ஆட்சி கவிழ்ந்தா என்ன ஆகும்னு கேட்டுக் கேட்டு மெயில்லயே என் பாதி உயிரை எடுத்த மனுஷன்..."

பக்கத்தில் நின்றவன் தொண்டையைச் செருமினான். "தாத்தாவுக்கு வயசு முப்பத்தொண்ணுதாங்க."

நிமிர்ந்தாள். மழையில் நனைந்த முடி... சிரிப்பை அடக்கப் பாடுபடும் கண்கள்... கடவுளே, தமிழ் வேறு தெரிகிறதே! கதவு திறந்ததும் ஓடிவிட்டாள்.

இருவரும் இரு நாடுகளின் ஏற்றுமதிக் காப்பீட்டு நிறுவனங்களில் அதிகாரிகள். போர் மூண்டோ, ஆட்சி மாறியோ, வெளிநாட்டில் வாங்கியவர் பணம் தராமல் போனால் விற்றவரின் நஷ்டத்தை ஏற்கும் நிறுவனங்கள். தொலைதூர மருத்துவமனை ஒன்றுக்கு அவள் நாட்டிலிருந்து டயாலிசிஸ் இயந்திரங்களும், அவன் நாட்டிலிருந்து அவற்றுக்கான நீர்ச் சுத்திகரிப்புக் கருவிகளும் போக வேண்டும். மொத்தத்துக்கும் அவள் நிறுவனம் காப்பீடு தரும். நஷ்டம் வந்தால் அதில் பாதியை அவன் நிறுவனம் தாங்கும். அவள் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை. மாதக்கணக்காக ஆங்கிலத்தில் மெயில்கள்... அடியில் வெறும் பதவிப் பெயர். பல நாட்டுக் காப்பீட்டாளர்களும் கூடும் இந்தக் கூட்டத்தில் இன்று அவன் சம்மதம் சொல்ல வேண்டும்.

வாய்க்கொழுப்பால் கெடுத்துக்கொண்டேனோ... சரி, பயம் இருக்கட்டும். அந்தக் கண்களை மறுபடி பார்க்க மனசு ஏன் இப்படிப் பறக்கிறது?

கூட்ட அறையில் அவன் அவளைப் பார்க்கவே இல்லை. இந்தக் கோப்பிலிருந்து விலகிக்கொள்வதாகவும், உடன் வந்த மூத்த பெண் அதிகாரி இனி முடிவெடுப்பார் என்றும் சொல்லிவிட்டு வெளியேறினான். அந்த அம்மாள் கோப்பை நிதானமாகப் புரட்டினார். அவன் கேட்டதற்கெல்லாம் பதில் இருக்கிறதே என்று சம்மதம் தெரிவித்தார்.

ஜெயித்துவிட்டாள். ஆனால் நெஞ்சு சுருக்கென்றது. என் எதிரில் உட்காரக்கூடப் பிடிக்கவில்லையா? போகட்டும் என்றது ரோஷம். கால்கள் கேட்டால்தானே...

தாழ்வாரத்து ஜன்னலோரம் மழையைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

"ஒரு வார்த்தை சொன்னதுக்கு இவ்வளவு கோவமா?"

"கோவமா?" திகைத்தான். "எதிர்ப்பக்கம் இருக்கறவங்க மேல சொந்த விருப்பம் இருந்தா கோப்பைத் தொடக்கூடாதுன்னு எங்க ஆபீஸ்ல விதிங்க."

அவள் சட்டென்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒரு மெயில்ல 'தெரியாது, விசாரிச்சுச் சொல்றேன்'னு எழுதினீங்க. நம்ம தொழில்ல யாரு அப்படி ஒத்துக்கறாங்க? அன்னைக்கே பாதி சாஞ்சிட்டேன்... மீதி லிஃப்ட்ல."

"எங்க ஆபீஸ்லயும் அந்த விதி இருக்கு," என்றாள். "ஆனா என் கோப்பை நான் விடமாட்டேன்."

"நீங்க ஏன் விடணும்? ஒருத்தர் விலகினாப் போதும்."

இதுவரை யாரும் அவளுக்காக இப்படி வழிவிட்டதில்லை. உள்ளே ஏதோ உடைந்து, சிரிப்பாகப் பொங்கியது.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."

சொன்னதும் தலைகுனிவது தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். வெட்கப்பட்டுக் குனிந்தது அவன்.