சமைத்தவர்களுக்கு முதல் பேட்டிங்

ஒரகடத்தில் லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்வது ஒரு கலை. பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே "வா… வா… வா…" என்று சொல்ல வேண்டும். சரியான இடத்தில் "போதும்" என்று சொல்ல வேண்டும். ஜீவானந்தத்துக்கு "வா" நன்றாக வரும். "போதும்" சொல்வதில்தான் எப்போதும் தகராறு… லாரியில் மட்டுமல்ல.

அன்று அவன் "போதும்" சொன்னபோது டிப்பரின் தொட்டி மேலே போயிருந்தது. ஒரு லோடு எம்-சாண்ட், கல்லை உடைத்து அரைத்த சிமென்ட் நிற மணல், சாவகாசமாகச் சரிந்து, கேன்டீன் ஓரம் நின்ற ஊதா ஸ்கூட்டியை விழுங்கியது. ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். நெடுஞ்சாலைத் தூசிக்குப் பயந்து முகம் முழுக்கத் துப்பட்டா சுற்றியிருந்தாள். தெரிந்தவை கண்கள் மட்டும். பெரிய, கரிய, மழைக்கு முந்தைய வானம் மாதிரியான கண்கள்… கண்கள் பேசும் என்று கதைகளில் படித்திருக்கிறான். இவை பேசவில்லை. திட்டின.

"இன்னாது இது?"

"கடற்கரை மேடம்."

"கடல் எங்க?"

"ஆர்டர் போட்டுக்கீறோம். நாளைக்கி வந்துடும்."

கண்களின் ஓரம் ஒரு நொடி சுருங்கியது. சிரிப்பா, கண்ணில் மணலா… கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் சந்தேகம் ஷிப்ட் முடிந்து அவனோடு வீட்டுக்கே வந்துவிட்டது.

அவன் சொன்னது பொய்யில்லை. கார் சீட் தைக்கிற அந்தக் கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை குடும்ப விழா நடக்கும். இந்த வருஷம் அதற்கு "கரீபியன் கடற்கரை" என்று பெயர் வைத்திருந்தார் எச்.ஆர். மேனேஜர் புருஷோத்தமன். அவர் மேசைக்கு எதிரே தொங்கிய காலண்டரில் அந்த மாதம் ஒரு தென்னை மரமும் நீலத் தண்ணீரும் இருந்தன. ஆராய்ச்சி அவ்வளவுதான். ஏற்பாடு முழுவதும் மெயின்டனன்ஸ் ஜீவானந்தம் தலையில் விழுந்தது. மோட்டார் எரிந்தாலும் அவன்தான், மேடையில் மைக் பிடிக்க ஆள் வேண்டுமென்றாலும் அவன்தான். ஆற்று மணல் கிடைக்காது, கடல் மணலைத் தொட முடியாது. பக்கத்துக் கிரஷரில் கிடைத்ததைக் கொண்டுவந்து கொட்டிவிட்டான்.

ஸ்கூட்டியை அவனே மண்வெட்டியால் தோண்டியெடுத்தான். கழுவித் துடைத்து, திருஷ்டிப் பொட்டு வைக்காத குறையாக நிறுத்தினான். பேர் என்ன என்று கேட்டான். ஐ.டி. கார்டில் எழுதியிருக்கிறது, படிக்கத் தெரியுமா என்று பதில் வந்தது. சசிரேகா. கேன்டீன் கான்ட்ராக்டர் புதிதாக அனுப்பிய சூப்பர்வைசர். எந்த ஊர் என்று கேட்டான். ஊரைக் கேட்டால்தான் மணல் போகுமா என்று திருப்பிக் கேட்டாள். நேரான பதில் ஒன்றுகூட வரவில்லை.

அந்தக் கம்பெனியில் எது கெட்டுப்போனாலும் 'ஏன்-ஏன்' போடுவார்கள். ஊசி உடைந்ததா? ஏன்? அது ஏன்? அதுவும் ஏன்? மேலே கேட்க ஏன் இல்லாத இடம் வரும்வரை கேட்டுக்கொண்டே போக வேண்டும். அங்கே நிற்பதுதான் மூல காரணம். மறுநாள் சாப்பாட்டு வரிசையில் சசிரேகா கரண்டியைப் பிடித்துக்கொண்டு, வண்டி ஏன் புதைந்தது என்று ஆரம்பித்தாள். அவன் அசராமல் பதில் சொன்னான். லாரி நிற்காததால். அது ஏன் நிற்கவில்லை? இவன் நிறுத்தாததால். இவன் ஏன் நிறுத்தவில்லை? மணல் சரிகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்ததால். கடைசியில் மூல காரணம் புருஷோத்தமனின் காலண்டரில் போய் நின்றது. பின்னால் வரிசை கத்தியது. அவள் சிரித்துவிட்டாள்… துப்பட்டா இல்லாத முகத்தோடு. ஜீவானந்தம் அன்று சாம்பாரை ரசத்தில் ஊற்றிச் சாப்பிட்டான்.

அதன் பிறகு அவன் ஒரு வேலை வைத்துக்கொண்டான். தினமும் ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைப்பது. சிரித்தால் அந்த ஷிப்ட் நல்ல ஷிப்ட்.

ஒரு சாயங்காலம் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் அருகே அவள் ஸ்கூட்டி நின்றுபோயிருந்தது. அவன் பைக்கை ஓரம் கட்டி ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினான். கொட்டியது அவனுடைய கடற்கரைதான். அதே நேரம் மழையும் பிடித்துக்கொண்டது. டீக்கடைத் தார்ப்பாயின் கீழ் இருவரும் ஒதுங்கினார்கள். தார்ப்பாய் விளிம்பில் மழை மணிமணியாகத் தொங்கி, அவள் கண்ணிமையிலும் ஒரு துளி வந்து உட்கார்ந்தது. துடைக்கச் சொல்லலாமா, வேண்டாமா… அவன் டீயைப் பார்த்துக்கொண்டான்.

விழாவில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். வைக்கோல் பாவாடை, சடைசடையாகத் தொங்கும் நூல் விக், தேங்காய்ச் சிரட்டை, ஆட்டம் என்று பட்டியல் போட்டான்.

"வைக்கோல் பாவாடையா? அங்க யாரும் கட்டி நான் பாக்கல. ஞாயித்துக்கெழமன்னா இஸ்திரி போட்ட சட்டதான்."

அப்போதுதான் தெரிந்தது. மறைமலை நகரில் கேட்டரிங் படித்துவிட்டு, கரீபியனில் ஒரு தீவுக்குப் போய், கடற்கரை ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவள் அவள். கண்ணெதிரே காலண்டரே வந்து நின்ற மாதிரி இருந்தது அவனுக்கு.

சுற்றுலாக்காரர்களைப் பற்றி நிறையச் சொன்னாள். பஸ் ஓட்டுகிற ஆளைப் பார்த்தாலும் பாடச் சொல்வார்களாம். ஆஸ்பத்திரி நர்ஸைப் பார்த்தாலும் ஆடச் சொல்வார்களாம். இவளையும் தீவுக்காரி என்று நினைத்து, ஏன் ஆடாமல் நிற்கிறாய் என்று கேட்பார்களாம்.

"அவங்க லீவுல வராங்க. அதனால அங்க இருக்கறவங்களுக்கும் தெனம் லீவுன்னு நெனச்சிக்கிறாங்க."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தீவு ஜனங்கள் சோற்றுப் பானையோடு கடற்கரைக்கு வருவார்களாம். ஓட்டல் வேலியைத் தாண்டியதும் அந்த இடம்தான். தண்ணீர் பட்டு இறுகிய மணலில் கிரிக்கெட். அத்தைகள், சித்தப்பாக்கள், பாதிரியார் எல்லோரும் ஆடுவார்கள். பந்து கடலில் விழுந்தால் அவுட். யார் சமைத்தார்களோ அவர்களுக்குத்தான் முதல் பேட்டிங். அது அந்தக் கடற்கரைச் சட்டம்.

"என்னையும் ஒருநாள் கூப்ட்டாங்க. நான் பருப்பு சாதம் செஞ்சி எடுத்துக்கினு போனேன். மொத பேட்டிங் எனக்குதான்."

அதைச் சொல்லும்போது அவள் முகம் வேறாக இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, இதையெல்லாம் இப்போது யாரிடமும் சொல்வதில்லை என்றாள். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும், அந்தத் தீவின் பெயரைக் கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். 'அங்கெல்லாம் எப்படி இருந்தீங்களோ…' என்று இழுத்து, பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே எழுந்து போனார்களாம்.

ஜீவானந்தத்துக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதைச் சொல்லத் தெரியவில்லை. "பலகாரம் நல்லாயிருந்துச்சாமா?" என்று கேட்டான். அவள் அவனையே பார்த்தாள். மழை விட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விழா நாள் வந்தது. மைதானத்தில் சாம்பல் நிறக் கடற்கரை. நடுவில் காற்றடித்த பிளாஸ்டிக் நீச்சல் தொட்டி, அதுதான் கடல். காகிதத் தென்னை. ஜீவானந்தம் விக்கும் வைக்கோல் பாவாடையுமாக மைக்கோடு நின்றான். குடும்பங்கள் சிரித்தன. சிரிப்பு ஏற ஏற அவனுக்கும் ஏறியது. "வா… வா… வா…"

பந்தலில் சசிரேகா பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா கங்கம்மாள், மகள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வந்தவர், தயிர்ப் பச்சடி போட்டுக்கொண்டிருந்தார். சசிரேகா ஒருதரம்கூட மேடைப் பக்கம் திரும்பவில்லை. எப்படியாவது திரும்ப வைக்க வேண்டும்…

"இதெல்லாம் டூப்பு. ஒரிஜினல் கரீபியன் நம்ம கேன்டீன் மேடம்தான். அங்க பீச்ல இன்னா இன்னா ஆட்டம் போட்டாங்களோ, அந்த ரகசியம் அந்தக் கடலுக்குத்தான் தெரியும்!"

மைதானமே சிரித்தது. எல்லாத் தலைகளும் பந்தல் பக்கம் திரும்பின. அவளும் திரும்பினாள்… கடைசியில். அந்தக் கண்களில் கோபம் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். ஒன்றுமே இல்லை. கரண்டியை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற பக்கம் போய்விட்டாள்.

அவன் பாவாடையோடு ஓடினான். வழியில் கங்கம்மாள் நின்றார்.

"நீ சொன்னது சிரிப்பாதான் இருந்திச்சிப்பா. இதே சிரிப்ப எங்க வூட்டு ஹாலுல ரெண்டு தபா கேட்டுட்டோம்."

அவ்வளவுதான் சொன்னார். பச்சடிக் கரண்டியை எடுத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பிவிட்டார். ஜீவானந்தம் தலையிலிருந்த விக்கைக் கழற்றினான். அது பத்து கிலோ இருக்கும் போலிருந்தது.

மழை வந்தது. ஆவணி மழை, கேட்டுக்கொண்டா வரும்… காகிதத் தென்னை மடங்கியது. வைக்கோல் பாவாடை கஞ்சியில் போட்ட மாதிரி ஆனது. ஜனங்கள் பந்தலுக்குள் ஓடினார்கள். புருஷோத்தமன் காலண்டர் ஏமாற்றிவிட்ட முகத்தோடு நின்றார். கொட்டித் தீர்த்துவிட்டு மழை ஓய்ந்தபோது ஜீவானந்தம் மணலில் இறங்கினான். கால் புதையவில்லை. அழுத்திப் பார்த்தான். எம்-சாண்ட் தண்ணீர் குடித்து, சிமென்ட் தரை மாதிரி கெட்டியாக இறுகியிருந்தது. வெறும் மணலாகத் தோற்றுப்போனது, பிட்சாக ஜெயித்துவிட்டது.

மைக்கை எடுத்தான். எந்த ஜோக்கும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் தான் சொன்னது தப்பு, கேன்டீன் மேடத்திடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றான். யாரும் சிரிக்கவில்லை. பிறகு, அங்கே ஞாயிற்றுக்கிழமை உண்மையில் என்ன நடக்கும் என்று சொன்னான். சர்ச், சோற்றுப் பானை, அத்தைகள், பாதிரியார். பந்து கடலில் விழுந்தால் அவுட்.

"சமைச்சவங்களுக்குத்தான் மொத பேட்டிங். கேன்டீன்காரங்க எல்லாம் வாங்க."

விழாவுக்கு வந்த பிள்ளைகளிடமிருந்து பேட்டும் பந்தும் வந்தன. சமையல்காரர்கள் கூச்சத்தோடு வந்தார்கள். பாத்திரம் துலக்குகிற அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தனக்கு வந்த மூன்று பந்தையும் விளாசினார். தையல் லைன் பெண்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் பீல்டிங்குக்கு ஓடினார்கள். புருஷோத்தமன் விழுந்து பிடித்தார், முழங்கால் முழுக்கச் சாம்பல் மணல். கங்கம்மாள்கூட ஒரு பந்து தட்டினார். ஆட்டம் சூடு பிடித்தபோது பந்தல் ஓரமாகச் சசிரேகா வந்து நின்றாள். பேட்டை யாரோ அவள் கையில் திணித்தார்கள். பந்து போட வேண்டிய முறை ஜீவானந்தத்துடையது.

மெதுவாகத்தான் போட்டான். அவள் மெதுவாக அடிக்கவில்லை. பந்து நேரே வந்து அவன் தோளில் பட்டு, துள்ளி, கடலில் விழுந்தது.

அவுட் என்று எல்லோரும் கத்தினார்கள். அவள் பேட்டைக் கொடுத்துவிட்டு நடந்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

கை கழுவுகிற குழாய்களின் பக்கம் அவன் போனபோது, கடைசிக் குழாயில் அவள் நின்றிருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பெண் இனி எதையும் யாரிடமும் சொல்ல மாட்டாள், அதற்குத் தானே காரணமாகிவிட்டோம் என்ற பயம் அவன் தோள்வலியைவிடப் பெரிதாக இருந்தது. அவள் குழாயை மூடினாள்.

"மைக்ல ஏன் அப்டி சொன்னீங்க?"

"எல்லாரையும் சிரிக்க வெக்கணும்னு."

"ஏன்?"

அவள் என்ன செய்கிறாள் என்று புரிந்தது. ஏன்-ஏன். அதில் நடுவில் ஓட முடியாது.

"எல்லாரும் சிரிச்சா நீங்களும் சிரிப்பீங்கன்னு."

"நான் ஏன் சிரிக்கணும்?"

"சிரிச்சா… என்னப் பாப்பீங்க."

"ஏன் பாக்கணும்?"

நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. வரிசையாக, லோடு ஏற்றிய லாரிகள் மாதிரி… ஜீவானந்தம் மனசுக்குள் கையைத் தூக்கினான். போதும். வாழ்க்கையில் முதல் தடவையாக அது சரியான இடத்தில் வந்து விழுந்தது.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. அன்னிக்கி டீக்கடையில நீங்க சொன்னதக் கேட்டப்ப அழுகையே வந்திச்சி. அதச் சொல்லத் தெரியாம பலகாரத்தக் கேட்டேன். பயந்தா நான் அப்டித்தான். இதுக்கு மேல ஏன் இல்ல."

எங்கோ பந்து தொட்டியில் விழுந்த சத்தமும் கூச்சலும் கேட்டன. அவள் துப்பட்டா நுனியால் கையை நிதானமாகத் துடைத்தாள். இமையில் மழைத்துளி… இல்லை, மழை எப்போதோ நின்றுவிட்டது.

"உங்களுக்கு?" என்று கேட்டான். ஐ.டி. கார்டைப் படி என்பாள், மணல் போகுமா என்பாள், எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றான்.

சசிரேகா அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"புடிச்சிருக்கு ஜீவா. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாங்க. அம்மாகிட்ட சிரிக்காம கேளுங்க."