வலது மூலையில் அழியாத கோடு

ஐஸ் அரங்கத்துக்கு அவள் கட்ட வேண்டிய பாக்கி நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது. மணிக்கு ஐம்பது வீதம் எண்பத்தேழு மணி நேரம். ரொட்டிக் கம்பெனியில் பொட்டலம் கட்டி வாங்குகிற கூலி எந்த மூலைக்கு? ஆனாலும் தினம் நாலு மணி நேரம், அரங்கத்தின் வலது மூலையில் சறுக்கினாள். அறுபது தாவல்… அறுபதிலும் விழுந்தாள்.

இன்னொருத்தி இருந்தாள். இவள் அவளுக்கு வைத்த பேர் 'அரைமணி'. அரை மணி நேரம்தான் வருவாள். எட்டே தாவல்… எட்டும் பூ உதிர்ந்த மாதிரி இறங்கும். இவளுக்கு வயிறு பற்றி எரியும்.

போதாக்குறைக்கு, வண்டி ஓட்டி ஐஸ் தரையின் கோடுகளை அழித்து வழவழப்பாக்குகிற அந்த ஐஸ் வண்டிக்காரன்! மழைக்கு முந்திய மேகம் போலக் கண்கள்… அரைமணியோடு குனிந்து தரையைக் காட்டிப் பேசுவான், சிரிப்பான்.

அன்றும் அப்படித்தான். அவர்களையே நினைத்துச் சறுக்கியவள், அரைமணி போனபின் தரையில் விழுந்த குழியைப் பனித்தூளால் அடைத்துக்கொண்டிருந்த அவன் மேலேயே போய் விழுந்தாள்.

"கண்ணு எங்கங்க இருக்கு?"

"உங்க கண்ணு எங்க இருக்குன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே… அவங்ககிட்ட!"

"ஐயோ, அவங்ககிட்ட நான் கேட்டதே உங்களைப் பத்தித்தான்! உங்க சறுக்குக் கத்தி தரையில போட்ட இந்தக் கோட்டைப் பாருங்க. தாவுறதுக்கு முன்னாடி கோடு வெளிப்பக்கமா வளையணுமாம். உங்களுது கடைசியில உள்ள திரும்பிடுது. ஒரே தப்பை அறுபது தடவை மனப்பாடம் பண்றீங்க."

"வண்டி ஓட்டுறவர் எனக்குப் பாடம் எடுக்க வேணாம்!"

மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ரோஷம். நாலாம் நாள் ஒரே ஒரு தடவை தாவி விழுந்தாள்… எழுந்து திரும்பிப் பார்த்தாள். கோடு, அவன் சொன்ன மாதிரியே உள்ளே திரும்பியிருந்தது. பாவி!

அதற்குப் பிறகு தினம் எட்டே தாவல். ஒவ்வொன்றுக்கும் நின்று கோட்டைப் பார்த்தாள். இரண்டாவது வாரம், எட்டாவது தாவலில் நின்றாள்… விழாமல்!

நேரம் அரை மணியாகக் குறைந்தது, மிச்சமான கூலி பாக்கிக்குப் போனது. நாலு மாதம் கழித்து, கடைசி ஐம்பதோடு கல்லாவுக்கு முன் நின்றபோது அவன் பக்கத்தில் வந்தான்.

"இன்னும் அரைமணிகிட்ட பேசுறீங்களா?" கேட்காமல் இருக்க முடியவில்லை அவளுக்கு.

"அரைமணியா? அரை மணி நேரம் வர்றவங்கன்னா, இப்ப ரெண்டு பேரு இருக்கீங்களே."

அவள் முறைத்தாள். அவன் குரல் இறங்கியது.

"தினம் வண்டி ஓட்டுறப்ப உங்க வலது மூலைக் கோட்டைத்தான் கடைசியா அழிப்பேன்… மனசே வராது. உங்களைப் பிடிச்சிருக்கு."

"…எனக்கும்தான். எத்தனை நாள் எரிஞ்சேன் தெரியுமா!"

கல்லாக்காரர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அம்மா, அந்த ஐம்பதைக் கொடுத்துட்டு அப்புறம் பேசுங்க."

அவள் வெட்கத்தோடு நோட்டை நீட்டினாள். அவர் அவள் கணக்கின் குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்தார்.