கீழைச் சுந்தரியின் தேன்மணம்

ஐந்து கோப்பைத் தேநீர். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து ‘ஸ்ர்ர்’ என்று சத்தமாய் உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்ப வேண்டும். வருஷம் ஒருமுறை கோத்தகிரிக் கண்ணாடிக்கூடங்களில் எனக்கு இதுதான் வேலை. கொஞ்சம் நாகரிகமாய்க் குடிக்கக் கூடாதா என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் நாக்கின் அடியில் அரிசிமணி அளவில் நாவளவி என்ற கருவி இருக்கிறது. நான் வாயால் சொல்வது கணக்கில் வராது. நாக்கு உணர்ந்ததை அது நரம்பிலிருந்தே படித்து, பழைய சுவைப்பதிவோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்டுவிடும். தொண்ணூறுக்குக் குறைந்தால் அந்த வகைச் செடிகளைப் பிடுங்கிவிட்டு நெல் நடுவார்கள். வெக்கையில் சீனத்திலும் தைவானிலும் தேயிலை மலைகள் கருகி இருபது வருஷமாகிறது. ஊலாங் என்ற அரைப்பதத் தேயிலையில் உலகத்துக்கு மிஞ்சியிருப்பது இங்கே வளரும் ஐந்து வகைதான்.

முதலில் சீனத்து ஆன்ஷி ஊர் தியேகுவான்யின். ஆர்க்கிட் பூ மணம், தொண்ணூற்றாறு. வூயி பாறை இடுக்கில் பிறந்த டா ஹோங் பாவ், வறுவலும் ஈரக்கல் வாசமுமாய்த் தொண்ணூற்று நாலு. குவாங்டாங்கின் டான்சோங் லிச்சிப் பழமாய் மணந்தது, தைவானின் டாங் டிங் வறுத்த கடலையாய் இனித்தது. இரண்டும் தப்பின.

ஐந்தாவது கீழைச் சுந்தரி. அதுவும் தைவான்காரிதான், தேன்மணத்துக்குப் பேர்போனவள். அதன் கூடத்தைப் பதினெட்டு வருஷமாய்ப் பார்த்துக்கொள்பவன் மருதமுத்து. கூடத்துக்குள்ளேயே அவன் வீடு. கூடம் போனால் வீடும் போகும்.

“இலையைப் பாருங்கக்கா! ஒரு கடி கிடையாது,” என்றான், முகமெல்லாம் பல்லாக.

உறிஞ்சினேன். வைக்கோல் தண்ணீர். தேன் எங்கே? கண்ணை மூடி மலைத்தேனை நினைத்துப் பார்த்தேன், தேனீக்களை நினைத்துப் பார்த்தேன். ஊஹூம். நாவளவியை ஏய்க்க முடியவில்லை. அறுபத்தொன்று.

“பூச்சியை என்ன பண்ணினே?”

“பச்சைத் தத்துப்பூச்சியா? போன வருசம் வரைக்கும் கையால பொறுக்கிக் கொன்னேன், தீரவே மாட்டேன்னுச்சு சனியன். இந்த வருசம் புகை மெஷின் குடுத்தாங்க. ஒண்ணு பாக்கியில்ல!”

நாலு தலைமுறையாய் அவன் குடும்பம் நீலகிரியில் கறுப்புத் தேயிலை வளர்த்தது. அதில் இலையைக் கடிக்கிற பூச்சி என்றால் எமன். அவன் வேறென்ன செய்வான்?

“மருதமுத்து, அந்தப் பூச்சி கடிச்சாத்தான் இந்தச் செடியில தேன் வாசம் சுரக்கும். கடி இல்லேன்னா இது வெறும் தழை.”

அவன் சிரிப்பு நின்றது. “யாருமே சொல்லலியேக்கா…”

யாரைச் சொல்ல? வருஷா வருஷம் அந்தத் தேனை உறிஞ்சியவள் நான்தான். அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். டீ டேஸ்டர்கள் தோட்டக்காரர்களோடு உட்கார்ந்து பேசுவது வழக்கமில்லை. என்ன பெரிய வழக்கம், நெருப்பில் போட.

“இரு, பதறாதே. ஒரு மறுசோதனை உண்டு. பின்னால நாற்றுக்கூடம் இருக்கே, அங்கே புகை போட்டிருக்க மாட்டியே? அங்கேயிருந்து பூச்சியைப் புடிச்சு இங்கே விட்டுடலாம்.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. “நீங்க அங்கயும் எட்டிப் பாப்பீங்கன்னு… இன்னிக்குக் காலையிலதான்க்கா போட்டேன்.”

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனி மறுசோதனைக்கு வழியில்லை. நெல் நாற்றோடு திங்கட்கிழமை வண்டி வந்துவிடும்.

“வேற எங்கயாச்சும் ஒண்ணு ரெண்டு இருக்கும்லக்கா?”

தைவான் மலைகளோடு கருகிப்போன அந்தப் பூச்சி இந்த இரண்டு கூடங்களைத் தவிர பூமியில் வேறெங்கும் கிடையாது. “இருக்கும்,” என்றேன்.

மருதமுத்து முதல் பாத்தியில் மண்டியிட்டான். ஒரு இலையைத் திருப்பி அடியில் பார்த்தான். அடுத்ததைத் திருப்பினான். “வாம்மா, வந்துரும்மா,” என்று அவன் மெல்லக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது.