எழுதியிருக்கிறபடியே

திரையில் ஓடிய ஆறு கோடுகளும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் விழுந்தன. அவள் கண்ணாடியைக் கழற்றி வெள்ளைக் கோட்டின் நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. தூக்கம் போதாத கண் எதை வேண்டுமானாலும் காட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இன்குபேட்டருக்குள் இருந்த தட்டில் ஆறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு இதயத் தசை. ரத்தத்திலிருந்து எடுத்த செல்களை, கைக்குழந்தையைப் பார்ப்பது போல வேளாவேளைக்குத் தீனி கொடுத்து வளர்த்தால் ஒரு மாதத்துக்குள் அது தானாகத் துடிக்கத் தொடங்கும். குழிக்கும் குழிக்கும் நடுவில் பிளாஸ்டிக் சுவர் இருப்பதால் ஒன்றின் சங்கதி மற்றதுக்குத் தெரிய வழியில்லை. ஒன்று அவசரக்காரியாக இருக்கும், ஒன்று சோம்பேறியாக இருக்கும், ஒன்று நடுநடுவே நின்று யோசிக்கும். மூன்று வருடமாக அவள் வளர்த்ததெல்லாம் அப்படித்தான் தன் பாட்டுக்குத் துடித்தன. இந்த முறை அவள் கோடுகளைச் சேர்த்துப் பார்த்ததே இல்லை. தினமும் காலையில் சராசரியை மட்டும் நோட்டில் குறித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவாள். அதற்குமேல் உடம்பில் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், லேபில் வேறு யாருமில்லை. செல் வளர்க்கும் கல்ச்சர் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. டியூப் லைட்டின் ரீங்காரம், இன்குபேட்டரின் தாழ்ந்த உறுமல், ஸ்பிரிட் வாசனை, அதற்கு அடியில் செல்களுக்கு ஊட்டும் திரவத்தின் லேசான இனிப்பு வாசனை, எல்லாம் சேர்ந்து அவளுடைய முடியிலேயே குடியேறிவிட்டன. வீட்டுக்காரர் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி வெகுநாளாகிறது. எட்டு வயது மகள் மட்டும், அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று பள்ளியில் கேட்டதற்கு, வீட்டுக்கு வந்து தூங்குகிற வேலை என்று சொல்லியிருந்தாள். அதைக் கேட்டு அவள் சிரித்தாள், பிறகு குளியலறையில் போய் அழுதாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து ஒரு குறையும் இல்லை, ரெஸ்ட் எடுங்கள் என்றார். அந்த அலுப்பு தொடங்கி இன்றோடு சரியாக ஒரு மாதம்.

காலையில் கிளம்பும்போது வீட்டுக்காரர் கதவருகே நின்று கேட்டார்.

"இன்னிக்கோட முடிஞ்சிடும்ல?"

"முடிஞ்சிடும்ங்க. மூணு மணிக்கு ப்ளீச் ஊத்திட்டு வந்துடுவேன்."

இது அவள் உருவாக்கிய செய்முறை. மொத்தம் முப்பத்தோரு படிகள். இன்னொரு ஊரிலுள்ள லேபிலும் இதே முறையில் இதே விளைவு வந்தால்தான் கட்டுரையை ஏற்பார்கள், வேலையும் நீடிக்கும். இல்லையென்றால் இந்த மாதக் கடைசியில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அங்கே இரண்டு முறை செய்து பார்த்தார்கள், இரண்டு முறையும் ஒன்றும் துடிக்கவில்லை. அங்கே செய்பவரை அவள் மனதுக்குள் கமா என்று அழைப்பாள். செய்முறையில் ஒரு கமா இடம் மாறியிருந்தால்கூட மெயில் போட்டு விளக்கம் கேட்கிற மனிதர். ப்ளீச் ஊற்றித் தசையை அழிக்கும் கடைசிப் படியில் பத்து நிமிடம் என்பது தோராயமா, துல்லியமா என்று போன வாரம் கேட்டிருந்தார். அவள் எரிச்சலோடு, எழுதியிருக்கிறபடியே செய்யுங்கள் என்று ஒரே வரியில் பதில் போட்டாள்.

மூன்றாவது முறை அவள் ஒரு திருட்டுத்தனம் செய்தாள். இங்கே வளர்ந்த தட்டுகளில் நான்கை இருபதாம் நாளே வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துக் கமாவுக்கு அனுப்பிவிட்டாள். கடைசிப் பத்து நாளை மட்டும் அவர் பார்த்துக்கொண்டால் போதும்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் இருந்தது. ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் வேண்டியிருந்தது. கூரியரில் வந்தது ஐஸ் உருகிக் கெட்டுப்போயிருந்தது. இன்னொன்று வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு தன் கையிலிருந்தே எடுத்தாள். எந்த லேபிலும் முதல் நாளே சொல்லித்தருகிற விதி, உன் செல்லை நீ வளர்க்காதே. தவறி ஊசி குத்தி அது உள்ளே போய்விட்டால் வெளி ஆள் என்று உடம்புக்குத் தெரியாது என்பார்கள். குப்பியில் 'ஏழு' என்று மட்டும் எழுதி ஒட்டினாள். முன்பு வந்த ஆறு பேருடையதும் நோஞ்சானாகத் துடித்துவிட்டுப் போயின. ஏழு மட்டும் காட்டுச்செடி போல வளர்ந்தது.

திரையின் மூலையில் நிமிடத்துக்கு எண்பத்து நான்கு துடிப்பு என்று காட்டியது. காரணம் எதுவும் இல்லாமல் அவள் விரல் மணிக்கட்டுக்குப் போனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினாள்.

எண்பத்து நான்கு.

யாருக்கும் இருக்கக்கூடிய எண்தான் என்று சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. பழைய பதிவுகளைத் திறந்தாள். இருபத்து நான்காம் நாள், மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம், ஆறு கோடுகளும் ஒரேயடியாக நூற்று முப்பதுக்கு எகிறியிருந்தன. அந்த மாலையில்தான் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு லாரி அவளுடைய ஸ்கூட்டரை உரசிக்கொண்டு போனது. இருபத்து ஆறாம் நாள், பகலில் இரண்டு மணி நேரம் ஐம்பத்தைந்து. அன்று அவள் விடுப்பு எடுத்து வீட்டில் படுத்துத் தூங்கினாள்.

இன்குபேட்டரின் உறுமல் திடீரென்று நெருக்கத்தில் கேட்டது. கண்ணாடிக் கதவின் உட்புறம் ஈரம் கோத்திருந்தது, யாரோ உள்ளிருந்து மூச்சு விட்டது போல.

தசை தன்னைப் பின்பற்றுகிறது என்றால் அதோடு போகட்டும் என்று நினைத்தாள். ஆனால் இருபத்தெட்டாம் படி நினைவுக்கு வந்தது. இதயத்தை வேகப்படுத்தும் மருந்தில் ஒரு துளி விட்டுச் சோதிக்க வேண்டும். முந்தாநாள் அதைச் செய்தபோது மயக்கம் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டது பட்டினியால் என்று எண்ணியிருந்தாள். இப்போது தட்டை வெளியே எடுத்தாள். மூன்றாவது குழியில் ஒரே ஒரு துளி விட்டாள்.

ஆறு குழிகளும் துள்ளின. அவள் நெஞ்சும் துள்ளியது. மேஜை விளிம்பைப் பிடித்தபடி அப்படியே குனிந்தாள். காதுக்குள் அடித்தது, பல்லில் அடித்தது. வெகுநேரம் கழித்து அடங்கியது.

தட்டைப் பத்திரமாகத் திரும்ப உள்ளே வைத்தாள். பக்கத்தில் மூன்று மணிக்கு ஊற்றுவதற்காக அவளே எடுத்துவைத்த ப்ளீச் பாட்டில் நின்றது. அதைக் கையால் தள்ளித் தூரமாக வைத்தாள். நல்லவேளை என்று முணுமுணுத்தாள். அந்த வார்த்தை வாயில் இருக்கும்போதே கமாவின் ஞாபகம் வந்தது. அங்கே நான்கு தட்டுகள், அவற்றுக்கும் இன்றுதான் கடைசிப் படி, அதே மூன்று மணிக்கு.

மணி மூன்று அடிக்கப் பன்னிரண்டு நிமிடம்.

வெளியே ஓடிப்போய் லாக்கரிலிருந்து போனை எடுத்தாள். கமாவின் எண்ணுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கமாட்டார். நான்காம் படியில் அவளே எழுதியிருக்கிறாள், போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே போகவும் என்று. அந்த லேபின் பொது எண்ணைத் தேடிப் பிடித்தாள். நெடுநேரம் கழித்து வாட்ச்மேன் எடுத்தார். அவள் பெயரைச் சொல்லி, அவசரம், அவரைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினாள்.

"அவரு உள்ளே இருக்காரு மேடம். கதவைத் திறக்கக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்காரு. நீங்க எழுதிக் கொடுத்ததுதானாம்."

"பரவாயில்ல, தட்டுங்க. உடைச்சாவது திறங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அவர் செருப்பை இழுத்து இழுத்து நடந்துபோகும் சத்தம் கேட்டது. அவள் போனைக் காதில் வைத்தபடியே தன் விதியைத் தானே மீறிக் கல்ச்சர் ரூமுக்குள் திரும்பி வந்தாள். கோடுகள் நூற்றுப் பத்து. நூற்று இருபது. ஆறும் ஒன்றாக. மகள் முகம் கண்முன் வந்தது. வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான், வேறு எதுவும் வேண்டாம்.

மூன்று அடித்தது.

முதலில் நாக்கில் சோப்பு போல ஒரு வழுவழுப்பு. பிறகு நெடி. மூக்கைச் சுருக்கிக்கொண்டு மேஜையைப் பார்த்தாள். பாட்டிலின் மூடி இறுகத்தான் இருந்தது.

தொண்டை எரிந்தது.

இடது கை மரத்தது.

நிமிடங்கள் போயின. எத்தனை என்று தெரியவில்லை. காதருகே செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. போனில் கமாவின் குரல். இவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை.

"மேடம், மூணாவது தடவை நமக்கும் வந்துடுச்சு. என்ன துடிப்பு தெரியுமா? ப்ளீச் ஊத்திப் பத்து நிமிஷம் ஆச்சு, இன்னும் துடிக்குது. அதான், துடிப்பு நிக்கலைன்னா மறுபடியும் ஊத்தவும்னு நீங்க எழுதியிருக்கீங்கல்ல, அந்த மாதிரியே செஞ்சுடுறேன். ஒரு நிமிஷம்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நெடிதான் வந்தது, அவளுக்குள்ளிருந்து.

போன் வைக்கப்பட்ட சத்தம்.

முதல் கோடு படுத்தது. இரண்டாவது. அவள் விரல் மணிக்கட்டில் இருந்தது. மூன்றாவது. நான்காவது. இன்குபேட்டர் உறுமியது. ஐந்தாவது. ஆறாவது கோடு ஒரு முறை எழுந்தது, விரலுக்கடியில் ஒரு முறை தட்டியது. பிறகு இரண்டும் அடங்கின. அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள், கண்ணைத் திறந்தபடி, திரையைப் பார்த்துக்கொண்டு.